மின்னஞ்சல் பெட்டியை உதவியாளரிடம் ஒப்படைத்த பதினோரு மாதங்கள்

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறை ஒன்றை என் தந்தைக்குப் பிறகு நான் நடத்திவருகிறேன். எங்கள் பட்டறைக்கு வரும் மின்னஞ்சல்களைத் திறந்து, பிரித்து, பதில் எழுதும் வேலையைக் கடந்த பதினோரு மாதங்களாகக் கும்பகோணத்தில் உள்ள ஒரு சிறிய நிர்வாக உதவியாளர் சேவையிடம் ஒப்படைத்திருக்கிறேன். சென்னை அலுவலகங்களில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிய இரண்டு பெண்கள் சேர்ந்து நடத்தும் சேவை அது. புதிய வாடிக்கையாளர்களை இப்போது ஏற்க இயலாது என்று அவர்கள் கூறியிருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே எண்ணத்தில் இருக்கும் சிறுதொழில் நடத்துவோருக்கு என் அனுபவம் பயன்படும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

கட்டணம் மாதம் 12,000 ரூபாய். காலை 7.30 முதல் 9.30 வரையிலும், மாலை 5 முதல் 6 வரையிலும் ஒருவர் எங்கள் பெட்டியைப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. எங்களுக்கென்று ஒருவரையே ஒதுக்கியிருக்கிறார்கள். நாளுக்கு ஒருவராக மாற்றுவதில்லை. இந்த ஒன்றுக்காகவே கூடுதலாகக் கொடுக்கலாம் என்று இப்போது கருதுகிறேன்.

எனக்கு இந்தத் தேவை எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அச்சைச் சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் நாளில் நான் உலையை விட்டு நகர முடியாது. அதற்கு முன்பும் பின்பும் மெழுகு வேலை, மண் பூச்சு, செதுக்கு வேலை என்று நாள் முழுவதும் கையில் மண்ணோ உளியோ இருக்கும். இரவு எட்டு மணிக்குக் கைப்பேசியை எடுத்தால் அறுபது, எழுபது மின்னஞ்சல்கள் காத்திருக்கும்; அவற்றில் பெரும்பாலானவை விளம்பரங்கள், கூரியர் நிறுவனங்களின் தானியங்கிச் செய்திகள், பழைய உரையாடல்களின் தொங்கல்கள். அப்படிப்பட்ட ஒரு குவியலுக்குள் சிங்கப்பூர்க் கோயில் குழு ஒன்று அனுப்பிய விசாரிப்பு பத்தொன்பது நாட்கள் கிடந்தது. நான் பார்த்தபோது அவர்கள் வேறு பட்டறைக்குப் பணியைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். ஐந்து உற்சவ மூர்த்திகள். எங்கள் பட்டறையில் உள்ள ஆறு குடும்பங்களுக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு வேலை அது.

அதன் பிறகு முதலில் நாடியது இந்தச் சேவையை அன்று. வெளியூரில் இருந்த வேறொரு சேவையிடம் கொடுத்தேன். அவர்கள் விரைவாகப் பதில் எழுதினார்கள், நல்ல ஆங்கிலத்தில் எழுதினார்கள், ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதினார்கள். மூன்றடி நடராசர் கேட்ட மலேசிய வாடிக்கையாளருக்கு ‘ஆறு வாரங்களில் அனுப்பிவைப்போம்’ என்று எங்கள் பெயரில் கடிதம் போய்விட்டது. அந்த அளவுள்ள நடராசருக்கு எங்கள் பட்டறையில் நான்கு மாதங்களுக்கு மேல் ஆகும். அதிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காவிரி வண்டல் பூசிய அச்சு நிழலில் காய்வதற்கே மற்ற மாதங்களைப்போல் இரண்டு மடங்கு நாட்கள் பிடிக்கும். கடிதம் போனதோ புரட்டாசிக் கடைசியில். அவர்கள் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். தொலைபேசியில் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டு, இன்னொருவருக்காக முடியும் நிலையில் இருந்த சிலையை அவருடைய சம்மதத்தோடு மாற்றிக் கொடுத்துத்தான் மானத்தைக் காத்துக்கொண்டோம். அந்தச் சேவையை அந்த மாதமே நிறுத்தினேன். என் தவறும் அதில் இருந்தது: எங்கள் தொழிலில் எதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதை நான் அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

இப்போதைய சேவையின் அணுகுமுறை தொடக்கத்திலேயே வேறாக இருந்தது. எங்களுக்கென ஒதுக்கப்பட்ட உதவியாளர் கணினியைத் தொடுவதற்கு முன்பாக இரண்டு நாட்கள் பட்டறையில் வந்து உட்கார்ந்தார். தென்னையோலை நறுக்கை மடித்துச் செய்யும் ஒடியோலை என்ற அளவுகோலில் அளவு குறிப்பதிலிருந்து கண் திறப்பது வரை பார்த்தார், குறிப்பெடுத்தார், கேள்வி கேட்டார். “சார், வாடிக்கையாளர் இரண்டடி என்று எழுதினால் பீடத்தையும் திருவாசியையும் சேர்த்தா, மூர்த்தி மட்டுமா?” என்று அவர் கேட்ட கேள்வியில் எனக்கு நம்பிக்கை வந்தது. எங்களுக்கு வரும் விசாரிப்புகளில் பாதிக்குப் பாதி இந்த ஒரு குழப்பத்தில்தான் நான்கைந்து கடிதங்களாக நீளும். இன்று முதல் பதிலிலேயே அவர் மூன்று கேள்விகளை எழுதிவிடுகிறார்: உயரம் எதிலிருந்து எதுவரை, வழிபாட்டுக்கா வரவேற்பறைக்கா, எந்தத் தேதிக்குள் தேவை. வழிபாட்டுக்கு என்றால் கன வார்ப்பு, அதாவது உள்ளே வெற்றிடம் இல்லாத வார்ப்பு. எடையும் விலையும் அதற்கேற்ப மாறும். மூன்றாவது கேள்விக்கான விடை மழைக்காலத்துக்குள் விழுந்தால் எனக்குத் தெரிவிக்காமல் அவர் எந்த நாளையும் உறுதி செய்வதில்லை.

கடவுச்சொல்லை நான் அவருக்குக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஜிமெயிலில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது என்பதை அவர் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். கணினியில் ஜிமெயில் அமைப்புகளுக்குள் கணக்குகள் என்ற பகுதியில், நம் கணக்கைப் பயன்படுத்த இன்னொருவருக்கு அனுமதி தரலாம். அவருக்கு அழைப்பு போகும். ஒரு வாரத்துக்குள் ஏற்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். ஏற்ற பிறகு அவர் தம் சொந்தக் கணக்கின் வழியாகவே நம் பெட்டியைத் திறந்து படிக்கவும், பதில் அனுப்பவும், நீக்கவும் முடியும். நம் கடவுச்சொல்லை மாற்றவோ நம் பெயரில் அரட்டையில் பேசவோ முடியாது. தனிநபர் கணக்கில் இப்படிப் பத்துப் பேர் வரை சேர்க்கலாம். கடிதத்தை அனுப்பியவர் யார் என்று பெறுபவருக்குக் காட்டலாமா, நம் முகவரியை மட்டும் காட்டலாமா என்பதையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் காட்டும்படிதான் வைத்திருக்கிறேன். எங்களிடம் சிலை வாங்குபவர்கள் நம்பிக்கையின் பேரில் முன்பணம் அனுப்புகிறவர்கள். அவர்களுக்கு எழுதுவது யார் என்பதை மறைப்பது முறையாகாது. அனுமதியை விலக்கிக்கொள்வதும் எளிது; கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் அந்த எளிமை இருக்காது.

ஆனால் இந்த வசதி ஒன்றே பாதுகாப்பு ஆகிவிடாது. நம் மின்னஞ்சலைப் படிக்கக்கூடியவர், அந்த முகவரிக்கு வரும் எல்லா ஓடிபியையும், கடவுச்சொல் மாற்றும் இணைப்புகளையும் படிக்கக்கூடியவரே. ஆகவே ஒப்படைப்பதற்கு முன்பே வங்கி, ஜிஎஸ்டி, ஏற்றுமதி உரிமம் ஆகியவற்றில் பதிவு செய்திருந்த முகவரியை நான் மட்டும் பார்க்கும் வேறொரு முகவரிக்கு மாற்றினேன். இதற்கு ஒரு வாரம் அலைய வேண்டியிருந்தது. சோம்பல் கொண்டு இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று வாசிப்பவர்களை உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று யார் எழுதினாலும், எத்தனை ஆண்டுப் பழக்கமானாலும், பழைய தொலைபேசி எண்ணில் நானே அழைத்துக் கேட்ட பிறகுதான் அடுத்த அடி என்ற விதியையும் உதவியாளரே வகுத்துக் கொடுத்தார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாடிக்கையாளர் விவரங்களை நமக்காக வேறொருவர் கையாண்டாலும் பொறுப்பு நம்முடையதே என்பதைச் சுட்டிக்காட்டி, அதற்கேற்ப ஒரு பக்க ஒப்பந்தமும் எழுதினார்கள்.

அன்றாட நடைமுறை எளிமையானது. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. அமெரிக்கக் கடிதங்களோ நாம் உறங்கும்போது வந்து சேர்கின்றன. இரண்டுமே காலை 7.30க்குப் பெட்டியில் இருக்கும். அவற்றை அவர் நான்கு லேபிள்களாகப் பிரிக்கிறார்: ‘ஐயா முடிவு’, ‘வரைவு பார்க்க’, ‘பதிலுக்குக் காத்திருப்பு’, ‘முடிந்தது’. ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஐந்தாறு வரிகளில் ஒரு குறிப்பு வருகிறது. நான் பட்டறைத் திண்ணையில் தேநீரோடு உட்கார்ந்து, முடிவு தேவைப்படும் கடிதங்களுக்குக் குரல் பதிவில் விடை சொல்கிறேன். அவர் அதைக் கடிதமாக்குகிறார். அறுபது, எழுபதில் என் கண்ணுக்கு வர வேண்டியவை எட்டு அல்லது ஒன்பதுதான் என்பது எனக்கே வியப்பாக இருந்தது. இரவில் இரண்டரை மணி நேரம் விழுங்கிய வேலை காலையில் இருபத்தைந்து நிமிடங்களில் முடிகிறது.

ஏற்றுமதிக் காகிதங்களில் அவருடைய உதவி நான் எதிர்பாராதது. சென்ற மாதம் வார்த்த சிலையே ஆனாலும், அது தொல்பொருள் அன்று என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்றுத்தான் நாங்கள் அனுப்புகிறோம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் சட்டப்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத சிலை தொல்பொருள். அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. புதிய சிலைக்கு எதற்கு இத்தனை நாள் தாமதம் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருத்தத்தோடு எழுதுவார்கள். அவர்களுக்குச் சட்டத்தின் காரணத்தை விளக்கி, படங்களையும் அளவுகளையும் முன்கூட்டியே எங்களிடம் கேட்டு வாங்கி அடுக்கி வைப்பது இப்போது அவர் பொறுப்பு. வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்காக ஒவ்வொரு நிதியாண்டும் ஜிஎஸ்டியில் தர வேண்டிய உறுதிப் பத்திரத்தையும் மார்ச் மாதமே நினைவூட்டிவிடுகிறார்.

ஒரே ஒரு நிகழ்ச்சி மனத்தை வருத்தியது. அடிக்கடி எழுத வேண்டிய பதில்களை முன்பே எழுதிச் சேமித்து வைக்கும் வசதி ஜிமெயிலில் உண்டு. அதை வார்ப்புரு என்கிறார்கள். வார்ப்புத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு அந்தச் சொல் நெருக்கமானது. ஆனால் எங்கள் முறையில் ஓர் அச்சு ஒரு சிலைக்குத்தான், சிலையை எடுக்க அச்சை உடைத்துவிடுவோம். டொராண்டோவிலிருந்து ஒரு முதியவர், தம் தாயார் பூசித்த சிறிய கிருஷ்ணர் விக்கிரகத்தில் விரல் ஒடிந்துவிட்டதாகவும், சரிசெய்ய இயலுமா என்றும் எழுதியிருந்தார். பழுது பார்க்கும் வேலைகளை ஏற்பதில்லை என்ற வார்ப்புரு அவருக்குப் போய்விட்டது. அந்தக் கிருஷ்ணர் 1981இல் என் தந்தை வார்த்தது. மாலைக் குறிப்பில் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. உதவியாளருக்குத் தெரிய வழியே இல்லை. அன்றிரவே அந்த முதியவரிடம் தொலைபேசியில் பேசி, விக்கிரகத்தை வரவழைத்துச் செய்து கொடுத்தோம். மறுநாள் உதவியாளர் கேட்டது ஒன்றுதான்: “உங்கள் மனத்தில் இருக்கும் பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், சார்.”

நான்கு மாலைகள் உட்கார்ந்து எழுதினேன். தந்தை காலத்து நாட்குறிப்புகளைப் புரட்டினேன். நாற்பத்து மூன்று பெயர்கள் வந்தன. யாருக்கு எந்த மூர்த்தி, எந்த ஆண்டு, யார் வீட்டில் யார் காலமானார்கள், யாருக்குத் தமிழில் எழுத வேண்டும், யாரைத் தொலைபேசியில் மட்டுமே அழைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்த நாற்பத்து மூவரின் கடிதங்களுக்கு ஜிமெயிலில் ஃபில்டர் போட்டு, தானாகவே ‘ஐயா முடிவு’ லேபிளுக்குள் வரும்படி செய்துவிட்டார். நான் அறிந்திருந்தும் எங்கும் எழுதி வைக்காதிருந்த செய்திகள் அவை. என் மகனுக்கும் தெரியாது. இந்தச் சேவைக்கு நான் கொடுத்த பணத்தில் மிக அதிகப் பயன் தந்தது அந்தப் பட்டியல்தான். ஆகவே, முதல் இரண்டு மாதங்களில் வேலை குறையும் என்று எதிர்பார்த்து இதில் இறங்குபவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். அந்த இரண்டு மாதங்களில் எனக்கு வேலை கூடியது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆங்கிலக் கடிதங்களின் நடை சற்று விறைப்பாக இருந்தது. எங்கள் பழைய கடிதங்கள் சிலவற்றைப் படிக்கச் சொன்ன பின் திருந்தியிருக்கிறது. சனிக்கிழமை மாலைக்குப் பின் வரும் கடிதம் திங்கள் காலைவரை காத்திருப்பதை நான் ஏற்றுக்கொண்டேன். ஞாயிறு ஓய்வு அவர்களுக்கும் வேண்டும். ஏற்க முடியாதது, உதவியாளர் விடுப்பில் செல்லும்போது மாற்று ஏற்பாடு இல்லாதது. ஆவணியில் அவர் தங்கை திருமணத்துக்காக ஒன்பது நாட்கள் விடுப்பு எடுத்தபோது பெட்டி முழுவதும் மீண்டும் என்னிடம் வந்தது. வார்ப்பு நாள் ஒன்று அதற்குள் விழுந்ததால் இரவெல்லாம் விழிக்க நேர்ந்தது. சேவையை நடத்தும் மற்றொருவரும் பட்டறைக்கு வந்து இரண்டு நாட்கள் உட்கார வேண்டும், அந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும், அவரையும் ஜிமெயிலில் இரண்டாவது ஆளாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஆறு மாதங்களுக்கான ஒப்பந்தத்தை அந்த உறுதியின் பேரில் சென்ற வாரம் புதுப்பித்திருக்கிறேன்.