திருமண ஆயத்த வகுப்பு, திருகோணமலை: போகிறவர்களுக்கு ஒரு விமர்சனம்

கலியாண மண்டபம், கமராக்காரர், கேக் கடை, எல்லாவற்றுக்கும் இப்போது விமர்சனம் கிடைக்கிறது. கத்தோலிக்க முறையில் கட்டப் போகிறவர்கள் எல்லோரையும் போகச் சொல்கிற திருமண ஆயத்த வகுப்பைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. கேட்டால் "சும்மா போய் இருந்திட்டு சேர்டிஃபிகேட்டை வாங்கிக்கொண்டு வா" என்பதுதான் பதில். அதனால் நானே எழுதுகிறேன். எந்தப் பங்கு, அதாவது எந்தச் சேர்ச், என்று சொல்லப் போவதில்லை. திருகோணமலை நகரத்துக்குள்தான், ஆனால் குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

நான் கத்தோலிக்கம், கட்டப் போகிறவர் சைவம், உவர்மலைப் பக்கம். இந்த ஊரில் இது ஒன்றும் புதினமில்லை, வகுப்பிலேயே எங்களைப் போல வேறு சோடிகளும் இருந்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், வகுப்பில் பாதி சுமார், கொஞ்சம் வீண், ஆனால் ஒரே ஒரு பாடம் இருக்கிறது, அதற்காகத் தம்பலகாமத்திலிருந்தோ மூதூரிலிருந்தோ பஸ் பிடித்து வந்தாலும் தகும். எது இருந்தால் கலியாணம் செல்லும், எது இல்லாவிட்டால் செல்லாது என்கிற பாடம்.

நடத்தியவர் திருச்சபைச் சட்டம் படித்த ஒரு ஃபாதர். கலியாணத்துக்கு முந்தைய மாதங்களில் நாங்கள் எதற்கெல்லாம் சண்டை பிடிக்கிறோமோ அது எதுவுமே கணக்கில் இல்லை என்று தொடங்கினார். தாலி இல்லாவிட்டாலும் கலியாணம் செல்லும். மோதிரம் இல்லாவிட்டாலும் செல்லும். கூறைச்சேலை, பாடகர் குழு, ஏன், பூசை கூட இல்லாமல் செல்லும் (கத்தோலிக்கரும் ஞானஸ்நானம் பெறாதவரும் கட்டும்போது வழக்கமாகப் பூசை இல்லாமல்தான் சடங்கு நடக்கும்). வேண்டியது மூன்று. இருவருக்கும் கட்டத் தடை எதுவும் இருக்கக் கூடாது, இருவரும் தாங்களாகவே சம்மதம் சொல்ல வேண்டும், அந்தச் சம்மதத்தைத் திருச்சபை சொல்கிற முறைப்படி, அதாவது பங்குத்தந்தை அல்லது அவர் அதிகாரம் கொடுத்த குருவோ தியாக்கோனோ (குருவுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்) முன்னால், இரண்டு சாட்சிகளோடு சொல்ல வேண்டும். இதில் கலியாணத்தை உண்டாக்குவது அந்தச் சம்மதம்தான். அதை வேறு எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய முடியாது என்று திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஃபாதர் எங்களைக் கட்டி வைப்பதில்லை, கட்டுகிறவர்கள்தான் ஒருவருக்கொருவர் கலியாணம் என்கிற திருவருட்சாதனத்தை (கடவுளின் அருளைத் தருகிற திருச்சபைச் சடங்கு) கொடுத்துக்கொள்கிறார்கள், அவர் திருச்சபையின் பெயரால் கேட்டு ஏற்கிறார். கீழைத் திருச்சபைகளில் இது வேறு, அங்கே குருவின் ஆசீர் இல்லாமல் கலியாணம் இல்லை.

பிறகு ஏன் ஃபாதரும் சாட்சியும் கட்டாயம் என்று பின்னால் இருந்து ஒரு அண்ணா கேட்டார். நல்ல கேள்வி, அதற்கு வந்த பதில் அதை விட நல்லது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் ஆணும் பெண்ணும் தனியே நின்று "உன்னை ஏற்கிறேன்" என்று சொன்னாலே கலியாணம் முடிந்தது. அப்புறம் ஆள் மாறிவிட்டு "நான் அப்படிச் சொல்லவேயில்லை" என்றால் யார் நிரூபிப்பது? இப்படி மறைவில் நடந்த கலியாணங்களால் பட்ட பாடு போதும் என்றுதான் 1563இல் திரிதெந்து சங்கம் என்கிற ஆயர்களின் பொதுச் சபை பங்குத்தந்தையையும் சாட்சிகளையும் கட்டாயமாக்கியது. 1908இலிருந்து அநேகமாக எல்லா இடத்துக்கும் அதே விதி. ஏமாற்றப்பட்ட பெண்களை நினைத்தாவது இந்த விதியை நான் ஏற்றுக்கொள்வேன்.

சாட்சிகள் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லையாம், நடப்பதைப் பார்த்து விளங்கிக்கொள்ளக் கூடியவர்களாக இருந்தால் போதும். மூதூர் பக்கமிருந்து வந்த ஒருவர், வழி அடைபட்டு ஃபாதரே வர முடியாத காலம் வந்தால் என்ன செய்வது என்றார். அந்த நிலை ஒரு மாதத்துக்கு நீளும் என்று தெரிந்தால், அல்லது சாகும் தறுவாயில் என்றால், சாட்சிகள் முன்னால் மட்டும் சம்மதம் சொன்னாலும் செல்லும்.

இனி இந்த ஊர்க்காரர் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம், எழுத்து, அதாவது பதிவாளர் முன்னால் செய்கிற கலியாணப் பதிவு. மாப்பிள்ளை கனடாவில் அல்லது பிரான்சில் இருந்தால் விசாவுக்காக முதலில் எழுத்தை முடித்துவிட்டு, சேர்ச் கலியாணத்தை ஒரு வருசம் கழித்து வைப்பது வழக்கமாகிவிட்டது. நாட்டுச் சட்டப்படி அவர்கள் அன்றே கணவன் மனைவி, 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் அவர்கள் பக்கம். ஆனால் இருவரில் ஒருவராவது கத்தோலிக்கராக இருந்தால், திருச்சபைக் கணக்கில் அது இன்னும் கலியாணம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், இரண்டு மெதடிஸ்ட்காரர் பதிவாளர் முன்னால் மட்டும் கையெழுத்து வைத்தால் அதைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லும் கலியாணமாகவே எடுக்கிறது, இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்பதால் திருவருட்சாதனமாகவும் எடுக்கிறது. கோணேசர் கோயிலில் தாலி கட்டிய இரண்டு சைவர்களின் கலியாணமும் செல்லும். ஃபாதரும் சாட்சியும் வேண்டும் என்கிற அந்த விதி கத்தோலிக்கருக்கு மட்டும்தான். இதைக் கேட்டதும் பக்கத்தில் இருந்த என் ஆள் "அப்ப எங்கட ஆக்களுக்குத்தான் லேசு" என்றார். லேசு என்றும் சொல்ல முடியாது. அப்படிக் கட்டிப் பிரிந்த ஒரு சைவர் பிறகு ஒரு கத்தோலிக்கரைக் கட்ட வந்தால், விவாகரத்துப் பத்திரத்தைக் காட்டினால் மட்டும் போதாது, முதல் கலியாணமே தடையாக நிற்கும்.

கனடா என்றதும் ஒரு தங்கச்சி ஸூமில் சம்மதம் சொல்லலாமா என்று கேட்டாள், எல்லோரும் சிரித்தோம், ஃபாதர் சிரிக்கவில்லை. திரையில் முகம் தெரிந்தால் போதாது, இருவரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும், முடியாவிட்டால் முறைப்படி எழுதிக் கொடுத்த அதிகாரத்தோடு பதில் ஆள் நிற்கலாம். பதில் ஆள் நிற்கலாம், ஸூம் கூடாது! இது எனக்கு இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை, ஆனால் விதி அதுதான்.

தடைகள் பற்றிய பகுதியில் ஹோல் கொஞ்சம் சலசலத்தது. மாமா மகள், மாமி மகன் என்று கட்டுவது நம்மிடையே சாதாரணம், உரிமை என்றே பேசுவோம். சட்டத்தில் அது நாலாம் படி உறவு, தடை, ஆயரிடம் (பிஷப்பிடம்) விதிவிலக்கு வாங்காமல் கட்டினால் செல்லாது. வாங்கினால் சரி. திருச்சபைச் சட்டத்தில் வயது எல்லை ஆணுக்கு 16, பெண்ணுக்கு 14 என்றும் சொன்னார்கள், ஒரு அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. இலங்கையில் பொதுச் சட்டம் 18 என்பதால் இங்கே யாரும் அதைப் பிடித்துத் தொங்க முடியாது. பிள்ளை பெற முடியாதவர் கட்டிய கலியாணமும் செல்லும் என்றதைத்தான் நான் தனியாகக் குறித்து வைத்தேன், ஏனென்றால் ஊரில் இதைச் சொல்லித்தான் பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

சீதனக் கேள்வியைக் கேட்டது நான். கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டி வைப்பார்கள், அது தெரிந்ததே. "வீடு எழுதித் தந்தால்தான் நீ என் மனைவி" என்று மனதுக்குள் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டு ஒருவன் சம்மதம் சொன்னால்? எதிர்காலத்தில் நடக்கப் போகிற ஒன்றை நிபந்தனையாக வைத்து உண்மையாகவே சம்மதத்தை அதனோடு பிணைத்தால் அந்தக் கலியாணம் செல்லாது என்றார் ஃபாதர். ஆனால் வெறும் பேராசையும் நிபந்தனையும் ஒன்றல்ல, பேராசைக்காரனின் கலியாணமும் செல்லும் என்று சேர்த்துச் சொன்னார். எனக்கு அந்த இரண்டாம் பாதி பிடிக்கவில்லை, நேர்மையான பதில் என்பதால் விட்டுவிட்டேன். வற்புறுத்தலும் பயமும் சம்மதத்தை அழித்துவிடும், முக்கியமான ஒன்றை வேண்டுமென்று மறைத்து ஏமாற்றினாலும் அழிக்கும். அதற்காகத்தான் பங்குத்தந்தை இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு விசாரிக்கிறார். அம்மா பக்கத்தில் இல்லாமல், "உன்னை யாராவது கட்டாயப்படுத்தினார்களா" என்று ஒரு பெண்ணிடம் கேட்கிற இடம் நம் கலியாண ஏற்பாட்டில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

எங்கள் சொந்தக் கதைக்கு வருகிறேன். என்னைக் கட்டப் போகிறவருடைய அம்மாவுக்கு இருந்த ஒரே பயம், "மதம் மாறச் சொல்லுவாங்களோ". சொல்லவில்லை. ஞானஸ்நானம் பெறாதவரைக் கட்ட ஆயரின் விதிவிலக்கு வேண்டும், அதற்கு வாக்குறுதி கொடுக்க வேண்டியது நான். என் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்க என்னால் முடிந்ததைச் செய்வேன் என்று. அவருக்கு அது தெரிவிக்கப்படும், அவ்வளவுதான், அவர் கையெழுத்து எதுவும் வைக்கத் தேவையில்லை. "அப்ப எங்கட கலியாணம் அரைக் கலியாணமா ஃபாதர்?" என்று அவர் கேட்டார். முழுக் கலியாணம்தான், உண்மையான பந்தம், திருவருட்சாதனம் மட்டும் இல்லை என்று பதில் வந்தது.

சிக்கல் வந்தது அடுத்த விஷயத்தில். காலையில் சேர்ச், மாலையில் கோயிலில் ஐயரை வைத்துத் தாலி என்று இரண்டு வீடும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தது. அது கூடாது. சம்மதத்தைக் கொடுக்கவோ புதுப்பிக்கவோ இன்னொரு சமயச் சடங்கு, முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை. இதைச் சேர்டிஃபிகேட் கொடுக்கிற அன்று, கடைசி நேரத்தில், அதுவும் நாங்கள் கேட்டதால் சொன்னார்கள்! கலப்பு சோடிகள் வருகிற ஊரில் இதை முதல் நாள் காலையே சொல்ல வேண்டாமா? அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்தவர்களும் அங்கே இருந்தார்கள். ஃபாதர், சாட்சி என்கிற அந்த முறையிலிருந்து விதிவிலக்கு கேட்டு வேறு விதமாக நடத்த வழி இருக்கிறதாம், அதையும் ஆயர் இல்லத்தில்தான் பேச வேண்டும். நாங்கள் சேர்ச்சிலேயே தாலி கட்டுவது, பின்னேரம் உவர்மலை வீட்டில் பெரியவர்களிடம் ஆசீர்வாதம், ஐயர் இல்லாமல், என்று முடித்தோம். மாமி இரண்டு கிழமை கதைக்கவில்லை, அது தனிக் கதை.

மற்றக் குறைகள். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் ஆக்களைக் கட்டப் போகிறவர்களுக்கு ஒன்றுமே இல்லை. 1814இலேயே மெதடிஸ்ட் மிஷனரிமார் வந்து இறங்கிய நாடு இது, அவர்களுடைய கல்லூரி இதே நகரத்தில் நிற்கிறது, அவர்கள் பார்வையை ஒரு பத்து நிமிடம் சொல்லியிருக்கலாம். சீர்திருத்தச் சபைகள் பொதுவாகத் திருமணத்தைத் திருவருட்சாதனமாக எண்ணுவதில்லை, சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதர் அதை உலகக் காரியம் என்றே சொன்னார், நாட்டுச் சட்டப்படி முறையாக நடந்தால் அவர்களுக்குக் கலியாணம் கலியாணம்தான். ஆசீர்வாதம் கேட்டுத்தான் சபைக்கு வருகிறார்கள். என் மெதடிஸ்ட் சிநேகிதி போதகரோடு சில தடவை இருந்து பேசியதோடு அவளுடைய ஆயத்தம் முடிந்தது, எங்களைப் போலத் தடைப் பட்டியல் எல்லாம் படிக்கவில்லை. கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

குடும்பக் கட்டுப்பாட்டு வகுப்பு வீண். எடுத்த அக்காவுக்கே வெட்கம், படத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு கீழே வைத்துவிட்டார். பணம், கடன் பற்றிய வகுப்பு பரவாயில்லை. பிளேன் டீயும் ரோல்ஸும் நன்றாக இருந்தது.

திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வாங்குவது பற்றி ஒரு சிறு பகுதியும் இருந்தது, அது விவாகரத்து இல்லை, ஆரம்பத்திலிருந்தே பந்தம் உண்டாகவில்லை என்கிற தீர்ப்பு. முன்பு இரண்டு திருச்சபை நீதிமன்றங்கள் ஒரே முடிவைச் சொல்ல வேண்டும், 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் ஒரு தீர்ப்பே போதும் என்று ஆக்கினார். அப்படித் தீர்ப்பு வந்தாலும் பிள்ளைகள் முறையான பிள்ளைகள்தான். கட்டப் போகிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று ஒரு மாப்பிள்ளை முணுமுணுத்தார். எனக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பட்டது.

மொத்தத்தில் 5க்கு 3.5. சட்டப் பாடத்துக்கு மட்டும் 5.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் வீட்டில் ஃபிரேம் போட்டு வைத்திருக்கிற பழையது சரிவராது, புதிதாக எடுக்கச் சொல்வார்கள், ஏனென்றால் கலியாணம் நடந்தால் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஓரக் குறிப்பாக எழுதுவார்கள், நீங்கள் ஏற்கெனவே கட்டியவரா என்று அதைப் பார்த்துத்தான் தெரியும். இடம்பெயர்ந்ததில் உங்கள் பங்கின் பதிவேடே இல்லாமல் போயிருந்தால் பயப்பட வேண்டாம், ஞானத்தாய் தந்தை போல நேரில் கண்ட நம்பகமான ஒருவர் சொன்னாலும் போதும் என்று சட்டம் இருக்கிறது, ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கலப்புக் கலியாணம் என்றால் வகுப்புக்குப் பிறகு ஃபாதரைப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், வகுப்புக்கு முதலே பாருங்கள், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கும் முதலே. ஹோலில் முன்வரிசையில் இருங்கள், பின்னால் மைக் சத்தம் சரியாகக் கேட்காது.