தஸ்கனி சாசேஜ் பீன்ஸ் குழம்பு: காய்ந்த பீன்ஸா, டின் பீன்ஸா?

இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில் 'சல்சீச்சே எ ஃபஜோலி' என்று சொல்லப்படும் குழம்புக்குப் பன்றி இறைச்சி சாசேஜ், வெள்ளை பீன்ஸ், தக்காளி, பூண்டு, சேஜ் என்னும் மணமூலிகையின் இலை, ஆலிவ் எண்ணெய் ஆகியவை இருந்தால் போதும். பொருள்கள் இவ்வளவு குறைவாக இருப்பதால், பீன்ஸைக் காய்ந்ததாக வாங்குவதா டின்னில் வாங்குவதா, சாசேஜை முழுதாகப் போடுவதா உதிர்த்துப் போடுவதா என்ற இரண்டு முடிவுகளிலேயே சுவை பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

கன்னெல்லினி எனப்படும் இந்த வெள்ளை பீன்ஸைக் காய்ந்ததாக வாங்கினால் முன்னேற்பாடு தேவை. முந்தைய இரவே சிறிது உப்பிட்ட நீரில் ஊறப்போட்டு, மறுநாள் அந்த நீரை வடித்துப் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட வேண்டும். வேகாத பீன்ஸில் உள்ள லெக்டின் என்னும் புரதம் வயிற்றைக் கெடுக்கும் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. பிறகு தீயைத் தணித்து, நசுக்கிய பூண்டும் இரண்டு சேஜ் இலைகளும் ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெயும் சேர்த்து, விரலால் நசுக்கினால் வெண்ணெயாக மசியும்வரை, ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வேகவிட வேண்டும். தக்காளியை இதற்கு முன் சேர்த்தால், அதன் புளிப்பு, பீன்ஸை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் என்னும் பொருளை எளிதில் இளகவிடாது. நெடுநேரம் கொதித்தாலும் நடுவில் நறநறப்பு நிற்கும். 250 கிராம் காய்ந்த பீன்ஸ் வெந்தபின் சுமார் 600 கிராம் ஆகும். ஆனால் இந்த உழைப்புக்குக் கிடைக்கும் உண்மையான பலன் பீன்ஸ் வெந்த நீர்தான். மாவுச்சத்து இறங்கி, பூண்டும் சேஜும் மணக்கும் அந்த நீரே குழம்புக்குத் திடம் தருகிறது. தனியாக ஸ்டாக் (எலும்போ காய்கறியோ வேகவைத்த சாறு) எதுவும் வேண்டியதில்லை.

டின் பீன்ஸில் இழப்பது இதைத்தான். 400 கிராம் டின்னை வடித்தால் சுமார் 240 கிராம் பீன்ஸ் கிடைக்கும். உடனிருக்கும் நீர் பெரும்பாலும் உப்புக் கரிக்கும் என்பதால் கழுவி ஊற்றிவிடுகிறோம். ஏற்கெனவே வெந்தவை என்பதால் நெடுநேரம் கொதிக்கவிட்டால் தோல் கழன்று உடையும். அரை மணி நேரத்தில் இரவுச் சாப்பாடு ஆகிவிடும் என்பதே அவற்றின் பெரும் பலம். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு அது சிறிய பலம் அல்ல.

சாசேஜைப் பொறுத்தவரை, பச்சை இறைச்சியில் செய்த கொரகொரப்பான வகையே வேண்டும். உறைநிலையில் கிடைக்கும் வழவழப்பான, முன்பே வேகவைத்த சாசேஜிலிருந்து கொழுப்பு இறங்காது. குழம்பும் சாசேஜும் ஒட்டாமல் நிற்கும். தஸ்கனியில் உப்பு, மிளகு, பூண்டு சேர்த்த சாசேஜே வழக்கம். அமெரிக்கக் கடைகளில் 'இத்தாலியன் சாசேஜ்' என்று விற்பதில் சோம்பு மணம் தூக்கலாக இருப்பதால், அதற்குச் சேஜைப் பாதியாகக் குறைக்கலாம். முழு சாசேஜை எல்லாப் பக்கமும் பொன்னிறமாக வதக்கி, தக்காளியிலும் பீன்ஸிலும் அரை மணி நேரம் மெல்லிய தீயில் விட்டால் கொழுப்பு மெதுவாக இறங்கும், உள்ளே ஈரமும் தங்கும். தோலுரித்து உதிர்த்து வதக்கினால் சிவந்த பரப்பு கூடுவதால் பத்தே நிமிடத்தில் சுவை குழம்பெங்கும் பரவும். ஆனால் நெடுநேரம் கொதித்தால் சக்கையாகிவிடும். எவ்விதமாயினும் இறைச்சியின் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும்.

ஆகவே இவ்விரு முடிவுகளையும் தனித்தனியே எடுப்பது சரியல்ல. காய்ந்த பீன்ஸுடன் முழு சாசேஜும், டின் பீன்ஸுடன் உதிர்த்த சாசேஜும்தான் இணையும். மாற்றிச் சேர்த்தால் ஒன்று வேகும் நேரத்தில் மற்றொன்று கெடும். நேரம் இருக்கும் நாளில் முதல் வழியே சந்தேகமின்றிச் சிறந்தது. வடக்கே வெனெட்டோவில் பேர்பெற்ற, சிவப்புப் புள்ளிகள் கொண்ட போர்லோட்டி பீன்ஸும் இதற்கு ஏற்றதுதான், குழம்பின் நிறம் மட்டும் சற்றுக் கருக்கும்.

டின்னை நாடும் நாளில், ஒரு கைப்பிடி பீன்ஸைச் சாசேஜ் வதங்கிய கொழுப்பிலேயே மசித்து, ஒரு கோப்பை வெந்நீர் ஊற்றிக் கரைத்துவிடுங்கள். இல்லாத பீன்ஸ் நீருக்கு ஓரளவு ஈடாகும். சாசேஜிலேயே உப்பு இருப்பதால், கடைசியில் ருசி பார்த்து உப்பிடுவது இரண்டு வழிகளுக்கும் பொது.