கொடிவழிப் படத்தில் ஒரு வெற்றுப் பக்கம்: புற்றுநோய் மரபியல் வகுப்பு குறித்த மதிப்புரை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள சான் லூயிஸ் பள்ளத்தாக்கில், லத்தீன் வம்சாவளியினருக்காக ஒரு தன்னார்வக் குழு ஸ்பானிய மொழியில் நடத்தும் புற்றுநோய் மரபியல் வகுப்புக்கு, உடன் பணிபுரியும் தோழியுடன் சென்றிருந்தேன். கட்டணம் இல்லை, வகுப்பு இரண்டு மணி நேரம் நடந்தது.

வகுப்பை நடத்தியவர் மருத்துவர் அல்லர். அதே ஊரைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற புரோமோட்டோரா, அதாவது சமூக நலப் பணியாளர். பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குச் சதுரமுமாக மூன்று தலைமுறைக் கொடிவழிப் படத்தை எல்லாரையும் வரையச் சொன்னார்; புற்றுநோய் வந்தவர்களின் வடிவத்தை நிரப்ப வேண்டும். மார்பகப் புற்றுநோய் தாய்வழியில் மட்டுமே வரும் என்று எண்ணியிருந்த தோழி, தந்தை பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். "உங்கள் அத்தைமார்?" என்று புரோமோட்டோரா மெல்லக் கேட்டதும், சற்று யோசித்துவிட்டு இரண்டு வட்டங்களைப் பென்சிலால் நிரப்பினார். மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணுப் பிறழ்வு, அது உள்ள தந்தையிடமிருந்தும் 50 விழுக்காடு வாய்ப்பில் பிள்ளைக்கு வரும் என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் படக்காட்சியாலும் விளக்கியிருக்க முடியாது.

நடு, கிழக்கு ஐரோப்பிய வம்சாவளியினரான அஷ்கெனாசி யூதர்களிடம் மிகுதியாகக் காணப்படும் ஒரு பிஆர்சிஏ1 பிறழ்வு இப்பள்ளத்தாக்கின் பழைய ஸ்பானியக் குடும்பங்களிலும் இருப்பதையும், 1492இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியபோது மதம் மாறித் தங்கியவர்களின் சந்ததியினர் வழியாக அது வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதையும் அவர் சொன்னபோது, கூடத்தில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த நாற்காலிச் சத்தமும் அடங்கிவிட்டது. மெக்சிகோ வம்சாவளியினரிடையே பிஆர்சிஏ1 மரபணுவின் 9 முதல் 12 வரையிலான எக்சான்கள் (மரபணுவின் குறியீட்டுப் பகுதிகள்) நீங்கிய வேறொரு பிறழ்வு இருப்பதையும் சேர்த்துச் சொன்னார். லத்தீன் மக்கள் என்பது ஒரே மரபுக் குழு அன்று என்பதை விளக்க இந்த இரண்டு சான்றுகளே போதும்.

குறைகளும் உண்டு. மரபணுச் சோதனையில் பொருள் உறுதிப்படாத மாறுபாடு (தீங்கானதா இல்லையா என்று இன்னும் தெரியாத மாற்றம்) என்ற முடிவு, மரபணுத் தரவுகளில் குறைவாக இடம்பெற்ற இம்மக்களுக்கு அடிக்கடி வருவதுண்டு. அதை நோய் இருப்பதாகப் புரிந்துகொண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. காப்பீடு பற்றிய பகுதியும் அவசரத்தில் கடந்துபோயிற்று. அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டு மரபணுத் தகவல் பாகுபாட்டுத் தடைச் சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணு அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கு அது பொருந்தாது. பின்வரிசையில் ஒருவர் இதைத்தான் இருமுறை கேட்டார். "பிறகு பேசலாம்" என்பதே பதிலாகக் கிடைத்தது.

அடுத்த முறை செல்பவர்கள் இரு பக்கத்து உறவினர்களில் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் புற்றுநோய் வந்தது என்பதை முன்கூட்டியே விசாரித்துக் குறித்துக்கொண்டு போவது நல்லது. தோழி இப்போது அத்தைமாருக்கு நோய் வந்த வயதை அறிய, மூத்த அத்தைக்குத் தொலைபேசிக்கொண்டிருக்கிறார்.