கரண்ட் போன தெருவில் சில போட்டிகள்

பிழைப்பு வெப் டெவலப்மென்ட். மிச்ச நேரத்தில் போட்டோ, எப்போதாவது கவிதை. மூன்றிலுமே ‘இதுவா அதுவா’ சண்டைக்குப் பஞ்சமில்லை. போன வாரம் ஒரு ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் போனது. அந்த ஒரு தெருவை வைத்தே எல்லாவற்றையும் மோதவிட்டுப் பார்த்தேன்.

முதலில் போனா, கேமராவா? போனின் நைட் மோடு பல ஃபிரேம்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. படம் பளிச்சென்று வந்தது. எதிர்வீட்டுக் கொடியில் கிடந்த துண்டின் கோடுகூடத் தெரிகிறது. சிக்கலே அதுதான், படத்தைப் பார்த்த யாருமே கரண்ட் போனதாக நம்பவில்லை.

அப்புறம் பழைய டிஎஸ்எல்ஆர், 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ். என் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் அந்த லென்ஸ் கிட்டத்தட்ட 75 எம்எம் போல நெருக்கிக் காட்டும். தெருவை அடக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு கேட்டில் இடித்ததுதான் மிச்சம். ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறன், 3200; ஷட்டர் திறந்திருப்பது 1/15 நொடி. ஆறு படம் எடுத்தேன், ஐந்தில் கை ஆடியிருந்தது. ஆறாவதில் பெட்டிக்கடை மெழுகுவர்த்தியும் சில்லறை எண்ணும் விரல்களும் மட்டும், மற்றதெல்லாம் கறுப்பு. கல்யாணம், திருவிழாக் கூட்டம் என்றால் போனே போதும். இருட்டு இருட்டாகவே வேண்டுமென்றால் எனக்குக் கேமராதான். போனிலும் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவைக் குறைக்கலாமே என்பீர்கள். குறைக்கலாம், அந்த நேரத்தில் கை அங்கே போவதில்லை.

லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. கவிதை எழுத உட்கார்ந்தேன், விம்மில். கோடு எழுத 1991 முதல் இருக்கும் எடிட்டர், கட்டளைகளும் எழுத்து விசைகளிலேயே, என் விரல்களுக்குப் பழகியது. ஆனால் தமிழ் எழுதும்போது அதுவே எதிரி. தமிழ்99 விசைப்பலகையில் எழுதிவிட்டு எஸ்கேப் அழுத்தி, அடுத்த வரிக்கு இறங்க ‘ஜே’ தட்டினால் விம்முக்குப் போய்ச் சேர்வது ‘ப’. ஒவ்வொரு தடவையும் விசைப்பலகையை மாற்ற வேண்டும். விம் ஓடும் கட்டளைத் திரையான டெர்மினல் வேறு எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் ஜாதி. நமக்கு ‘தமிழ்’ மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து குறியீடு. என் டெர்மினலில் கொம்பு ஒரு பக்கம், கர்சர் ஒரு பக்கம்.

இன்னொரு எடிட்டரான விஎஸ் கோடு, குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியத்தின் மேல் ஓடுவது. பிரவுசரில் தமிழ் எப்படித் தெரியுமோ அப்படியே அதிலும் தெரியும். மெமரியை விழுங்கும், பேட்டரியையும். இருந்தாலும் தமிழுக்கு அதுதான். கோடுக்கு எது என்று கேட்காதீர்கள், அந்தப் பஞ்சாயத்து தீராது.

சரி, எழுதுவது வெண்பாவா புதுக்கவிதையா? கம்ப்யூட்டர் மொழிகளில் சொன்னால், என் கணக்கில் வெண்பா டைப்ஸ்கிரிப்ட், புதுக்கவிதை ஜாவாஸ்கிரிப்ட். ஒன்று முதல் வரியிலேயே பிழை காட்டும். மற்றது எதையும் ஓடவிடும், தப்பு பிறகுதான் தெரியும்.

முதலில் வந்த வரி ‘விளக்கணைந்த தெருவில்’. தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதி, தட்டியது. அசைகளில் நேர் ஒற்றை, நிரை இரட்டை. ‘விளக்கணைந்த’ நிரை நிரை நேர், அதாவது காய்ச்சீர்; காய்க்குப் பின் நேர் வர வேண்டும். ‘தெரு’வோ நிரை. ‘வீதியில்’ என்று போட்டால் இலக்கணம் வாயை மூடிக்கொள்ளும். ஆனால் நான் வளர்ந்த தெருவை யாரும் வீதி என்று சொன்னதே இல்லை. அரை மணி நேரம் போராடி ‘இருண்ட தெருவில்’ என்று வைத்தேன். ‘இருண்ட’ நிரை நேர், அதாவது மாச்சீர்; மாவுக்குப் பின் நிரை, கச்சிதமாக உட்கார்ந்தது.

படித்துப் பார்த்தால் விளக்கு அணைந்த அந்த நொடியைக் காணோம். எப்போதும் இருண்டே கிடக்கும் தெரு மாதிரி இருக்கிறது. புதுக்கவிதை என்றால் முதல் வரியை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அதில் இரண்டாவது வரியே வரவில்லை. வெண்பாவில் தளைக்காகச் சொல் தேடியபோதுதான் அந்தச் சில்லறை எண்ணும் விரல்கள் உள்ளே வந்தன. இன்னும் ஈற்றடி பாக்கி. வெண்பாவின் கடைசிச் சீருக்கு உள்ள ‘காசு’ வாய்பாட்டில் முடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்துவிட்டது.