பாரிஸ் வழியாகச் சீட்டு எடுப்பவர்களே, விமான நிலையத்தின் பெயரையும் பாருங்கள்

பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் புதுச்சேரிக் குடும்பங்கள் பல. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். துலூஸ் நகரில் வசிக்கும் என் அக்காவைப் பார்ப்பதற்காக, சென்ற குளிர்காலத்தில் என் பெற்றோர் இங்குள்ள ஒரு பயண முகவரிடம் சீட்டு எடுத்தார்கள். அறுபதைத் தாண்டிய அவர்களிடம் அந்த முகவர் நடந்துகொண்ட விதம் மன்னிக்கத்தக்கதல்ல.

சென்னையிலிருந்து பாரிஸ் ஏறத்தாழ 8,000 கி.மீ., பாரிசிலிருந்து துலூஸ் 600 கி.மீ.க்கும் குறைவு என்று கணினித் திரையில் காட்டி, பகல் பொழுதுக்குள் மகள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். தூரம் சரிதான், ஆனால் அது இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேராக அளந்த தூரம். அவர் விற்றதோ தோகா வழியாகச் செல்லும் சீட்டு. அதிகாலை 4 மணிக்குச் சென்னை, பிற்பகல் 1 மணிக்குப் பாரிஸ் என்று அச்சாகியிருந்த தாளின் ஓரத்தில், நீல மையில் '9 மணி நேரம்' என்று அவரே எழுதிக் கொடுத்தார். சீட்டில் இருப்பவை அந்தந்த ஊரின் நேரங்கள். குளிர்காலத்தில் பிரான்ஸ் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும் என்பதால், உண்மையான பயணம் பதின்மூன்றரை மணி நேரம். சர்க்கரை நோய்க்கு வேளை தவறாமல் மருந்து எடுக்கும் என் தந்தைக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

இதைவிடப் பெரிய மோசடி அடுத்த தாளில் இருந்தது. முதல் விமானம் இறங்குவது பாரிசுக்கு வடகிழக்கே உள்ள சார்லஸ் டி கோல் நிலையத்தில். துலூஸ் விமானம் பிற்பகல் மூன்றரைக்குப் புறப்படுவது தெற்கே உள்ள ஓர்லி நிலையத்தில். நேர்கோட்டில் அளந்தாலே இடையில் ஏறத்தாழ 35 கி.மீ. என் தந்தை கேட்டபோது, "ஒரே ஊர்தான் சார், இறங்கி ஏறிக்க வேண்டியதுதான்" என்று முடித்துவிட்டார். இரண்டும் தனித்தனி பிஎன்ஆர் எண் கொண்ட தனித்தனிச் சீட்டுகள் என்பதையும் சொல்லவில்லை. அதனால் குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டிகளை எடுத்து, நகரைக் கடந்து சென்று, மறுபடி பெட்டிகளை ஒப்படைக்க வேண்டியிருந்தது. மொழி தெரியாத இருவரும் ஓர்லியை அடைவதற்குள் விமானம் போய்விட்டது. ஒரே சீட்டாக இருந்திருந்தால் மாற்று விமானம் கேட்டிருக்கலாம். இங்கே கேட்க வழியில்லை. அக்காதான் அன்றிரவுக்குப் புதுச் சீட்டு வாங்கினார்.

திரும்பி வந்து கேட்டபோது, விமானம் நேரத்துக்குத்தான் புறப்பட்டது, தவறவிட்டது நீங்கள்தான் என்றார் முகவர். ஒரு ரூபாய்கூடத் தரவில்லை.

பணம் கட்டுமுன் ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் மூன்றெழுத்துக் குறியீட்டையும் பாருங்கள்: சிடிஜி என்றால் சார்லஸ் டி கோல், ஓஆர்ஒய் என்றால் ஓர்லி. பிஎன்ஆர் ஒன்றா இரண்டா, பெட்டி எந்த ஊர்வரை போகும் என்பதை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை நாளை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அந்த நீல மை எழுத்துள்ள தாளை இணைத்து நாங்களும் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம்.