ஸ்பிரிட் பாலிஷ், மெலமைன், பி.யூ., எண்ணெய்: பழைய மரச்சாமான்களோடு சில வருடங்கள்

எங்கள் வீட்டில் புது மரச்சாமான் என்று சொல்ல அதிகம் இல்லை. தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலி, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பேரம் பேசி வாங்கிய எழுத்து மேஜை, ஊர் வீட்டிலிருந்து கழற்றி வந்த ஊஞ்சல் பலகை, ஒரு அலமாரி, இரண்டு மூன்று முக்காலி. 2016 வாக்கில் ஒவ்வொன்றாகச் சுரண்டித் தேய்த்து பாலிஷ் போட ஆரம்பித்தேன். சிலது நானே செய்தது, சிலது பாலிஷ்காரர் செய்தது, பூச்சும் ஒன்றுக்கொன்று வேறு. அதனால் எந்தப் பூச்சு எப்படிப் பழசாகிறது என்பதை ஒரே வீட்டில், ஒரே சென்னைக் காற்றில் வைத்துப் பார்க்க வாய்த்தது. பாலிஷ் காய்ந்த அன்று எடுத்த படத்தைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். ஐந்தாறு மழைக்காலம் போன பிறகு அது எப்படி இருக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய தேக்குக்கும் ஈட்டி மரத்துக்கும் (ரோஸ்வுட்) ஸ்பிரிட் பாலிஷ்தான். தண்ணீர், சூடு, சாராயம் எது பட்டாலும் கெடும் என்று அதைப் பற்றிச் சொல்கிற குறையெல்லாம் உண்மை. ஆனால் கெட்ட இடத்தை மட்டும் அரை மணி நேரத்தில் சரிசெய்துகொள்ளலாம். வருடக்கணக்கில் புழங்கும் சாமானுக்கு, கெடாமல் இருப்பதைவிடச் சரிசெய்ய முடிவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சாய்வு நாற்காலியில் இருப்பது இதுதான். அவலரக்கை ஸ்பிரிட்டில், அதாவது குடிக்க உதவாத ஆல்கஹாலில், கரைத்துப் போடுவது. அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்தம் செய்து செதிலாக்கினால் அவலரக்கு. நம் நாட்டில் இது அதிகம் வருவது ஜார்க்கண்டிலிருந்து. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டால் காலையில் கரைந்திருக்கும். கண்ணாடி பாட்டிலில் கலக்க வேண்டும், இரும்பு டப்பாவில் கலந்தால் கறுத்துப்போகும். கரைத்ததைச் சில மாதங்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. நாள்பட்ட கரைசலைப் பூசினால் என்ன செய்தாலும் பிசுபிசுப்பு போகாது. பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொட்டலமாகக் கட்டி, நனைத்து, பிழிந்து, மெல்லிசாக இழுக்க வேண்டும். ஒரே நாளில் பல கை (ஒரு தடவை பூசுவது ஒரு கை) போடலாம். பத்துப் பதினைந்து கை ஏறிய பிறகு தேக்கின் ரேகை உள்ளிருந்து எழுந்து வரும். இந்த விஷயத்தில் வேறு எந்தப் பூச்சும் அதற்குப் பக்கத்தில் வராது.

ஸ்பிரிட் கிடைப்பதுதான் தொல்லை. மதுவிலக்குக் காலத்தில் பாலிஷை வாங்கிக் குடித்தவர்கள் இருந்த ஊர் இது. மெத்திலேட்டட் ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், பிரெஞ்ச் பாலிஷ் (இதே அவலரக்குப் பாலிஷ்தான்) மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி 1959-இலேயே தமிழ்நாட்டில் விதிகள் போட்டிருக்கிறார்கள். தெரியாத கடையில் போய் ஸ்பிரிட் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பதில் தப்பில்லை. நான் பாலிஷ்காரர் வாங்கும் கடையிலேயே, அவரோடு போய் வாங்கிக்கொள்கிறேன்.

நாற்காலியின் கை இதுவரை என்னென்னவோ பட்டுவிட்டது. 2020-இல் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு வந்து அதில்தான் கை வைத்தார்கள். சானிடைசரில் பாதிக்கு மேல் ஆல்கஹால். பாலிஷ் அங்கங்கே இளகி, விரல் ரேகை வரை பதிந்துவிட்டது. ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாகத் துடைத்து, மேலே நாலு கை இழுத்ததும் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. புதுக் கை பழைய கையைக் கொஞ்சம் கரைத்து அதோடு கலந்துவிடுவதால் ஒட்டுப் போட்ட கோடு விழாது. சூடான காபி டம்ளர் வைத்து வரும் வெள்ளை வளையத்துக்கும் இதே வைத்தியம்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் பாலிஷ் வேலையைத் தொடக்கூடாது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பூச்சு பால் ஊற்றினாற்போல வெளுத்துவிடும். எங்கள் பாலிஷ்காரர் தீபாவளிக்கு முன்னால் செய்து தரச் சொன்னால் பிடி கொடுக்கவே மாட்டார். "பொங்கல் கழிச்சு வச்சுக்கலாம் சார், மரம் எங்க ஓடிடப் போகுது" என்பார். அவர் சொல்வதுதான் சரி.

அடுத்தது மேஜை. மேல்பலகை ஈட்டி, கால்கள் தேக்கு. மெலமைன் பாலிஷ் ஏற்கனவே ஏறிய நிலையில்தான் வாங்கினேன். கடையில் விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. முதல் இரண்டு வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. துடைத்தால் போதும், காபி கொட்டினாலும் கவலையில்லை. மூன்றாம் வருடம் முன்விளிம்பில், முழங்கை உரசும் இடத்தில், நகம் அளவுக்கு ஒரு செதில் பெயர்ந்தது. அது வழியாக ஈரம் உள்ளே போக, சுற்றிலும் படலம் வெள்ளையாகத் தூக்கிக்கொண்டது. மெலமைன் ஒரு கெட்டிப்பான் சேர்த்து இறுகவைக்கும் பூச்சு. ஒருமுறை இறுகிவிட்டால் ஸ்பிரிட்டுக்கும் தின்னருக்கும் இளகாது. அந்த இடத்தில் மட்டும் புதிதாகத் தடவினால் தீவு மாதிரித் தனியாகத் தெரியும். மேல்பலகை முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்தெடுத்துவிட்டுத்தான் மறுபடி பூச முடியும். பழைய ஈட்டிப் பலகையை ஒவ்வொரு தடவையும் இப்படித் தேய்த்தால் எத்தனை தடவை தாங்கும்? 1994-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் போட்டுப் பாதுகாக்க வேண்டியிருந்த மரம் அது. இன்றைக்கு அந்த அகலத்தில் பலகை வாங்க முடியாது. மெலமைனை நான் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. பிளைவுட் கப்போர்டுக்கு, வெனீருக்கு, வாடகை வீட்டுக் கதவுக்குத் தாராளமாகப் போடலாம். ஈட்டிக்கு வேண்டாம்.

ஊஞ்சல் பலகைக்கு மட்டும் பி.யூ., அதாவது பாலியூரித்தேன் பூச்சு போட்டேன், அதில் வருத்தமே இல்லை. வியர்வை, எண்ணெய்த் தலை, குழந்தைகளின் ஈரக்கால் என்று எல்லாமே அந்தப் பலகைக்கு வருகிறது. ஸ்பிரிட் பாலிஷ் போட்டிருந்தால் மாதம் ஒருமுறை பஞ்சும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். பளபளப்பு இல்லாத மேட் வகையாக வாங்கினால் பிளாஸ்டிக் உறை போட்டது போலத் தெரியாது. இத்தனை வருடத்தில் சங்கிலிக் கொக்கி உரசும் இடத்தில் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. சாப்பாட்டு மேஜைக்கும் இதையே சொல்வேன்.

வெளிநாட்டு வீடியோக்களில் எண்ணெய்ப் பூச்சை ஆஹா ஓஹோ என்கிறார்களே என்று ஒரு முக்காலிக்கும் அலமாரியின் முதுகுக்கும் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) தடவிப் பார்த்தேன். முக்காலி வரவேற்பறையில் காற்றோட்டமாக இருப்பதால் நன்றாகவே இருக்கிறது, தொட்டால் மரம் மரமாகவே இருக்கும். சுவரை ஒட்டி நிற்கும் அலமாரி முதுகில் ஒவ்வொரு மழைக்கும் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்கிறது. கடலோர ஊர்களுக்கு எண்ணெய் ஒத்துவராது என்பது என் அனுபவம். கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு வேறு கதையாக இருக்கலாம். எண்ணெய் என்றதும் சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து தேய்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது காயும் எண்ணெயே இல்லை. தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு சிக்கு வாடை அடிக்கும். லின்சீட் காற்றோடு சேர்ந்து இறுகும் எண்ணெய். அப்படி இறுகும்போது சூடும் உண்டாகும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பற்றும். இது கட்டுக்கதை இல்லை. துணியை விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

அலமாரியின் முன்பக்கம் தனி அத்தியாயம். பச்சை எனாமல் மேல் நீல எனாமல், அதற்கு மேல் மறுபடி பச்சை. இப்படிப்பட்ட பழைய பெயிண்டை மெஷின் வைத்துத் தேய்த்துத் தூசியாக்கவே கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கிறது என்றே எண்ணிக்கொண்டு வேலை செய்வது நல்லது. நான் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, மழுங்கிய தகட்டால் மொட்டை மாடியில் வழித்தேன். மிச்சத்தைத் தண்ணீர் உப்புத்தாளால் ஈரமாகவே தேய்த்தேன். குழந்தைகளை மாடிப்பக்கமே விடவில்லை. பெயிண்டுக்கு அடியில் சட்டமெல்லாம் வைரம் பாய்ந்த தேக்கு. பலகைகள் பலா. உள்தட்டு ஒன்றில் மட்டும் மரத்தின் வெள்ளைப் பகுதியைச் சேர்த்து வைத்திருந்தார்கள், அது உளுத்துப்போய் மாவு கொட்டிக்கொண்டிருந்தது. தேக்கில் கரையானும் வண்டும் அண்டாதது வைரம் என்கிற உள்மரத்தில்தான், வெள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பழைய சாமான் வாங்கும்போது பாலிஷைப் பார்க்காமல், டிராயரை வெளியே இழுத்து அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

"பர்மா தேக்கு" என்று சொல்லி விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. பழைய செட்டிநாட்டு வீட்டைப் பிரித்த மரம் என்றால் நம்பலாம். புது மரத்துக்கு அந்தப் பெயர் சொல்லி விலை ஏற்றினால் ரசீது கேளுங்கள்.

பூச்சைவிட எனக்கு அதிக வேலை வைத்தது பொருத்துகள்தான். ஆடும் நாற்காலியில் ஆணி அடிக்கும் வழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ தெரியவில்லை. பழைய சாமானில் கழுந்தை (துளைக்குள் நுழையும் முனையை) வஜ்ஜிரம் போட்டு ஒட்டியிருப்பார்கள். தோலும் எலும்பும் காய்ச்சிய பசை அது. வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்தால் இளகி, பொருத்து சேதமில்லாமல் கழன்றுவிடும். பழைய பசையைச் சுரண்டிவிட்டு ஃபெவிக்கால் போட்டு, கயிற்றால் முறுக்கி ஒரு நாள் விட்டால் இன்னொரு தலைமுறைக்குத் தாங்கும். ஆணி அடித்திருந்தால் மரம் பிளந்திருக்கும். போதாததற்கு இரும்பும் தேக்கின் துவர்ப்பும் சேர்ந்து சுற்றிலும் கறுப்பு ஏறியிருக்கும். அந்தக் கறுப்புக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் கேட்கும், கையுறை அவசியம். இருக்கைக்குப் பிரம்பு பின்ன, அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பின்னி ஓய்வு பெற்ற பார்வையற்ற பெரியவர் ஒருவர் வந்தார். பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்து, விரலாலேயே இழுப்பின் அளவு பார்த்துப் பின்னினார். காய்ந்ததும் அது முரசுத் தோல் போல விறைத்துக்கொண்டது, இன்றுவரை தொய்யவில்லை. ரோலாக விற்கும் ரெடிமேட் பிரம்பு வலையை அதன் பக்கத்தில் வைக்க எனக்கு மனசில்லை.

சரி, சரிசெய்வது இருக்கட்டும். கனவு காண்பது இன்னொரு பக்கம். ஒரு நோட்டு முழுக்கப் படம் போட்டு வைத்திருக்கிறேன். பழைய ஜன்னல் சட்டத்தில் கண்ணாடி பதித்து வாசலறையில் மாட்டுவது, பெட்டகத்தை டீப்பாய் ஆக்குவது, அலமாரிக் கதவின் பலாப் பலகையை எடுத்துவிட்டுப் பிரம்பு வலை வைப்பது, அஞ்சறைப் பெட்டியைச் சுவரில் மாட்டி ஊசி நூல் போடுவது. இவற்றில் நடந்தது கொஞ்சம்தான், பாதியை வேண்டாம் என்று நானே அடித்துவிட்டேன். ஒரு பொருள் மாறிய பிறகும் ஏதாவது வேலை செய்கிறதா, தேவைப்பட்டால் பழையபடி ஆக்கிக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறேன். பெட்டகம் தேறியது. மூடி மேல் கண்ணாடி வைத்தோம், உள்ளே கம்பளியும் ரஜாயும் இருக்கின்றன. ஆட்டுரலுக்குக் கண்ணாடி போட்டு மேஜையாக்கும் யோசனை தேறவில்லை. அதை நகர்த்தி அடியில் பெருக்க வீட்டில் யாரால் முடியும்? பிரித்த வீட்டுத் தூணை வாங்கி விளக்குத் தண்டாக அறுக்கும் யோசனையையும் விட்டேன். தூணை அறுத்தால் பிறகு ஒட்டவா முடியும்.

தேக்கின் மேல் வெள்ளைச் சாக் பெயிண்ட் அடித்து, விளிம்பைத் தேய்த்து வேண்டுமென்றே பழசாக்குகிறார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. நிஜமாகவே பழசான பொருளுக்கு எதற்குப் பழசு வேஷம்? ரப்பர் மரமோ பிளைவுட்டோ என்றால் இஷ்டப்படி அடித்துக்கொள்ளலாம். அலமாரியின் உட்பக்கத்துக்கு மட்டும் அந்தப் பழைய பச்சையையே ஈயமில்லாத பெயிண்டில் அடித்தேன். கதவைத் திறந்தால் பச்சை தெரியும், பார்ப்பவர்கள் எல்லோரும் விசாரிக்கிறார்கள்.

மெலமைன் மேஜையை இந்தப் பங்குனியில் எடுக்கலாம் என்றிருக்கிறேன். 120-ஆம் நம்பர் தாளில் ஆரம்பித்து 320 வரை போய், பிறகு அவலரக்கு. உளுத்த உள்தட்டுக்குப் பதில் புதுத் தட்டு அறுத்துத் தர ஆசாரி ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் கையில் இரண்டு கல்யாணக் கட்டில் வேலை இருக்கிறதாம். அது முடிந்து அவர் வரும்வரை அலமாரிப் புத்தகங்களுக்குத் தரைதான் இடம்.