ஆர்சி கார் அப்கிரேட் பண்ணப் போகிறவர்களுக்கு: பற்றரியைத் தராசில் வைத்துப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் ஆர்சி கார் (ரிமோட்டில் ஓட்டும் சின்னக் கார்) ஓடுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேரும் மாறிமாறி ஒரே கடைக்குத்தான் போகிறோம், அதனால் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. போய் வந்தவர்களுக்கு விளங்கும்.

என்னுடையது 1/10 அளவு பக்கி, மண்தரையில் ஓடுகிற வகை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கான மலிவு ரகம்: 540 பிறஷ் மோட்டர் (உள்ளே கரித்துண்டு உரசி ஓடுவது), ஆறு செல் நிக்கல் பற்றரி, எண்ணெய் இல்லாமல் வெறும் ஸ்பிரிங்கோடு நிற்கிற ஷொக் (அதிர்வு தாங்கி), சில்லு சுழலும் அச்சுகளில் குண்டுப் பெயாரிங் இருக்க வேண்டிய இடமெல்லாம் பிளாஸ்டிக் புஷ் (வெறும் வளையம்). அதைக் குறையாகச் சொல்லவில்லை, தமியா என்ற ஜப்பான் கொம்பனியின் விலை குறைந்த கிட்கள் சிலவும் பிளாஸ்டிக் புஷ்ஷோடுதான் வருகின்றன. ஞாயிறு பின்னேரங்களில் கோப்பாய்ப் பக்கம், வெங்காயம் கிண்டி வெறுமையாகக் கிடக்கும் தோட்டக் காணி ஒன்றில் பனைமட்டைகளை வளைவாக அடுக்கி ஏழு பேர் ஓடுவோம். அசல் செம்மண். மூன்றாம் கிழமையே என் கார் வளைவில் துள்ளிப் புரளத் தொடங்கியது, நேரோட்டத்திலும் இழுக்கவில்லை.

கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி சில்லைக் கையால் ஒருமுறை சுழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணை, இந்த மோட்டரோட ரேஸ் ஓடேலாது. பிறஷ்லெஸ் போடுங்கோ. இது 3650, பவர் அப்பிடி" என்றார்.

பிறஷ்லெஸ் என்றால் அந்தக் கரித்துண்டு இல்லாத மோட்டர். ஆனால் 3650 என்பது பவரே இல்லை. 36 மில்லிமீற்றர் விட்டம், 50 மில்லிமீற்றர் நீளம், அதாவது மோட்டரின் உடம்பு அளவு. வேகத்தைச் சொல்வது கேவி எண்: 3500 கேவி என்றால், சுமை இல்லாதபோது ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்தில் 3,500 சுற்று. அன்றைக்கு எனக்கு இது தெரியாது, தலையாட்டினேன். மோட்டர், ஈஎஸ்சி (மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவது), '5200 எம்ஏஎச்' (பற்றரி பிடிக்கும் அளவு) என்று பொன்னிறத்தில் எழுதிய கறுப்புப் பெட்டி லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி, பூட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 38,000 ரூபா. பாதிக் காசு லண்டன் சித்தப்பா அனுப்பியது. அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் சுற்றில் கார் உண்மையாகவே பறந்தது. மூன்றாவது நிமிடத்தில் திறொட்டிலை முழுக்க அழுத்தினால் கார் அப்படியே செத்துவிடும். விட்டுத் திரும்ப அழுத்தினால் உயிர் வரும். பிறகு 'கர்ர்' என்று ஒரு சத்தம். பெரிய பல்சக்கரத்தின் பல் வழித்துக்கொண்டு போயிருந்தது. பினியனை (மோட்டரில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தை) அதோடு இறுக்கி முட்டவைத்துப் பூட்டியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கடதாசித் துண்டை வைத்து இறுக்கிவிட்டு உருவி எடுத்தால் தேவையான இடைவெளி தானாக வரும். பூட்டுக்கூலி வாங்குகிறவருக்கு இது தெரியாதா?

திரும்பிப் போனபோது, "நீங்கள் கண்டபடி ஓடியிருக்கிறியள், கரண்டி (உத்தரவாதம்) இல்லை" என்றார்.

கார் செத்துச் செத்துப் பிழைப்பதற்கு ஈஎஸ்சிதான் காரணம் என்று இரண்டு கிழமை அதோடு மினக்கெட்டேன். கடைசியில் சந்தேகம் பற்றரியில் விழுந்தது. கஸ்தூரியார் வீதி நகைக்கடை ஒன்றில் வேலை செய்யும் நண்பன் அதைத் தங்கம் நிறுக்கும் தராசில் வைத்தான். 118 கிறாம். உண்மையான இரண்டு செல் 5200 ஹார்ட்கேஸ் லிப்போ கால் கிலோவை ஒட்டி வரும்.

பெட்டியைப் பிளந்தேன். (நீங்கள் பிளக்காதீர்கள். உள்ளே உண்மையான லிப்போ இருந்து கத்தி பட்டால் தீப்பிடிக்கும்.) உள்ளே இருந்தவை இரண்டு 18650 செல்கள், ரோச்லைற்றுக்குப் போடுகிற அதே உருளைகள். அந்த அளவில் இருக்கும் நல்ல செல்லே 3,500 எம்ஏஎச் சொச்சம்தான் பிடிக்கும், தொடராக இணைத்தால் வோல்ற் கூடுமே தவிர எம்ஏஎச் கூடிவிடாது. நண்பனின் சாஜரில் முழுக்க இறக்கி ஏற்றியபோது என்னுடையது காட்டியது 1,400. மோட்டர் கேட்ட கரண்டை இவற்றால் கொடுக்க முடியவில்லை. வோல்ற் சரிந்ததும், பற்றரி தீர்ந்துவிட்டது என்று எண்ணி ஈஎஸ்சி வெட்டியிருக்கிறது. பாவம், அதில் ஒரு பிழையும் இல்லை.

மூன்றாம் தடவை போனேன். "அது சீனாவில இருந்து அப்பிடித்தான் வருது அண்ணை" என்றார். பின்னால் கண்ணாடி அலுமாரியில் அதே கறுப்புப் பெட்டி, இந்த முறை 6800 என்ற ஒட்டுத்தாளோடு.

என் காருக்கு வேண்டியிருந்தது புதிய மோட்டரே இல்லை. செம்மண் தூசி புஷ்களுக்குள் போய் அரைத்து, சில்லைச் சுண்டிவிட்டால் அரைச் சுற்றில் நிற்கிற நிலைக்கு வந்திருந்தது. ஒரு செற் பெயாரிங்கும் சிலிக்கன் எண்ணெய் ஊற்றிய நாலு ஷொக்கும் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். அந்த 38,000இல் கால்வாசிகூட வரவில்லை. பல்சக்கரத்தை மாற்றி, பழைய 540 மோட்டரையும் நிக்கல் பற்றரியையும் திரும்பப் பூட்டினேன். போன ஞாயிறு ஏழு பேரில் மூன்றாவதாக வந்தேன்.

பிறஷ்லெஸ் மோட்டர் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. செல் இரண்டில் ஒன்று அம்மாவின் ரோச்லைற்றில். நல்ல வெளிச்சம் என்கிறா.